ஸ்டிக்கர் பிசுக்கும் ‘ஸ்ட்ராங்’ மருந்தும்

புதுப் பாத்திரத்தில் ஸ்டிக்கரை உரித்தபின் மிஞ்சி நிற்கும் பிசுக்கைப் போக்க நம் வீடுகளில் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். சோப்பில் போகவில்லையா, கம்பி நாரைப் போடு. அதிலும் போகவில்லையா, மண்ணெண்ணெய் தொட்டுத் துடை. அதற்கும் மசியவில்லையா, வண்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடி. அப்புறம் தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர். கடைசியில் பழைய பிளேடு. “ஸ்ட்ராங்கா ஏதாவது போட்டாத்தான் போகும்” என்பதுதான் இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் சொல்லப்படும் மந்திரம்.

இந்த மந்திரம் தப்பு. ஏதோ சில சமயங்களில் பலிக்காமல் போகிறது என்று சொல்லவில்லை, அடிப்படையே தப்பு. பசையை அகற்றும் விஷயத்தில் வீரியம் என்று ஒற்றை அளவுகோல் கிடையாது. எந்தப் பசை, எந்தப் பரப்பு, எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விகள்தான் உண்டு. நாம் மூன்றையும் கேட்பதில்லை. கேட்காமலே நான்காவதாக ஒன்றைக் கேட்கிறோம்: “வீட்ல பெட்ரோல் இருக்கா?”

முதலில் ஒரு பரிசோதனை. தெருச்சுவரில் சினிமா போஸ்டரை மைதா பசை காய்ச்சித்தான் ஒட்டுகிறார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. அந்த மைதா பசை மேல் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றினாலும் அசையாது. வெந்நீரை அடித்துக் கொஞ்ச நேரம் ஊற விட்டால் தானே வழண்டு வரும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறதா? பாலிவினைல் அசிட்டேட் என்ற அந்தப் பொருளிடமும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தோற்றுப்போகும். வெதுவெதுப்பான நீர் அதை ஊதவைத்து இளக்கிவிடும். விரலோடு விரலை ஒட்டிவைக்கும் அவசரப் பசை இருக்கிறதே, சயனோஅக்ரிலேட், அதன் முன் பெட்ரோலும் ஒன்றுதான், நல்லெண்ணெயும் ஒன்றுதான். அதை அசிட்டோன் கரைக்கும். ஆக மூன்று பசைகளில் இரண்டுக்குத் தண்ணீர் போதும், மூன்றையும் பெட்ரோல் தொடக்கூட முடியவில்லை. எது ஸ்ட்ராங்? தண்ணீரா, பெட்ரோலா? கேள்வியே அபத்தம் என்பது இப்போது தெரிகிறது. கரைப்பானுக்கும் பசைக்கும் இடையில் பொருத்தம் பார்க்க வேண்டும். பலப்பரீட்சை வைத்துப் பயனில்லை.

சரி, ஸ்டிக்கர் பசைக்கு வருவோம். இது மேலே சொன்ன எதையும் போன்றதல்ல. பழைய காலத்து ஜாம், ஊறுகாய் பாட்டில்களின் காகித லேபிள்கள் பெரும்பாலும் மாவுப்பசையாலோ பால் புரதமான கேசீனாலோ ஒட்டப்பட்டவை. வாளித் தண்ணீரில் ராத்திரி போட்டால் காலையில் லேபிள் தனியாக மிதக்கும். நம் பாட்டிமார்களின் கைப்பக்குவம் அந்தக் காலத்தில் உருவானது. பிறகு வந்தது அழுத்தினால் ஒட்டும் பசை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் மாஸ்கிங் டேப்பையும் 1930-ல் கண்ணாடி போன்ற செலோபேன் டேப்பையும் கொண்டுவந்தார். 1935-ல் ஸ்டான் ஏவரி தானாக ஒட்டிக்கொள்ளும் விலைச்சீட்டைச் செய்தார். இந்தப் பசைகளின் சூட்சுமம் ஒன்றுதான்: அவை காய்வதே இல்லை. நீர் ஆவியாகி இறுகுவதோ, ரசாயன மாற்றத்தால் கெட்டிப்படுவதோ கிடையாது. மிக மெதுவாக ஓடும் திரவத்துக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு நிலையில் ஆயுள் முழுக்க இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அழுத்தும்போது பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் வழிந்து நிறைகின்றன. நாள் ஆக ஆக இன்னும் ஆழமாக நிறைகின்றன. அதனால்தான் கடையிலிருந்து வந்த அன்றே உரித்தால் சுலபமாக வரும் ஸ்டிக்கர், பரணில் ஒரு வருடம் கிடந்தபின் உயிரை வாங்குகிறது.

கம்பி நார் ஏன் தோற்கிறது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. காய்ந்து இறுகிய கறையைச் சுரண்டலாம். காயவே காயாத பொருளைத் தேய்த்தால் அது இடம் மாறும். நாருக்குள் ஏறும், அதிலிருந்து பாத்திரத்தின் மறுபக்கத்துக்குப் போகும், அழுக்கைச் சேர்த்துக்கொண்டு கறுக்கும். இதற்கிடையில் பாத்திரத்துக்கு நேர்வது வேறு கதை. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். கீறினாலும் அந்தப் படலம் மீண்டும் உண்டாகிவிடும், அதில் பயமில்லை. ஆனால் சாதாரண இரும்பால் ஆன நாரின் துணுக்குகள் பரப்பில் பதிந்து தங்கும், அவை துருப்பிடிக்கும். “எவர்சில்வர்னு சொல்லி வித்தான், துரு பிடிக்குது பாருங்க” என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பல சமயம் துரு நம் நாருடையது.

ஸ்டிக்கர் பசையில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ரப்பர் வகை: இயற்கை ரப்பரோ செயற்கை ரப்பரோ, அதோடு ஒட்டுந்தன்மைக்காகச் சேர்த்த பிசின். இன்னொன்று அக்ரிலிக் வகை. ரப்பர் வகை வெயிலிலும் வயதிலும் மஞ்சளாகிப் பழுப்பாகும், முதலில் கொழகொழவென்று ஆகி, பிறகு பொடிந்து போகும். அக்ரிலிக் பல வருடம் நிறம் மாறாமல் தெளிவாகவே இருக்கும். ரப்பர் வகை எண்ணெய்க்கு இளகும். அக்ரிலிக்குக்கு எண்ணெய் கொஞ்சம்தான் கேட்கும். ஆல்கஹால் நன்றாகக் கேட்கும். கொரோனாக் காலத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் 70 சதவீத அளவுக்கு ஆல்கஹால்தான். ஜெல்லாக இருப்பதால் வழிந்தோடாமல் இடத்திலேயே நிற்கும். எந்தக் குடும்பம் என்று தெரியவில்லையா? ஒரு மூலையில் பஞ்சால் எண்ணெய், இன்னொரு மூலையில் சானிடைசர் தொட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் பிசுக்கே சொல்லிவிடும். இதற்கு வேதியியல் பட்டம் வேண்டாம். ஆனால் ஏணியில் ஏறிக்கொண்டே இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது.

மண்ணெண்ணெய்க் கட்சியினர் இங்கே குறுக்கிடுவார்கள். “எங்க வீட்ல எத்தனையோ வருஷமா மண்ணெண்ணெய்தான். பாத்திரம் பளபளன்னுதான் இருக்கு.” உண்மை. எவர்சில்வரை மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. ரப்பர் பசையை அது இளக்குவதும் உண்மை. தேங்காய் எண்ணெய் எந்த வழியில் இளக்குகிறதோ ஏறக்குறைய அதே வழியில்தான் அதுவும் இளக்குகிறது. நீர்த்து இருப்பதால் சற்று வேகமாக ஊடுருவுகிறது, அவ்வளவே. அந்தச் சில நிமிட லாபத்துக்குச் சாப்பிடும் தட்டில் மண்ணெண்ணெய் வாடை வேண்டுமா என்பது அவரவர் மூக்கைப் பொறுத்தது. பிளாஸ்டிக் டப்பாவில் அதைச் செய்து பாருங்கள். பாலித்தீன் மண்ணெண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அந்த டப்பாவில் போட்ட முறுக்கு ரேஷன் கடையை நினைவூட்டும்.

வாடை சின்ன விஷயம். ஒரு வீட்டில் மண்ணெண்ணெய் ‘துடைக்கறதுக்குக் கொஞ்சம்’ என்று வைக்கப்படும் விதத்தைப் பாருங்கள். பழைய தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். அது சிங்க்குக்கு அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். இந்தியாவில் சிறு குழந்தைகள் தவறுதலாகக் குடித்து மருத்துவமனைக்கு வரும் பொருட்களில் மண்ணெண்ணெய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. அது வயிற்றுக்குப் போவதைவிட நுரையீரலுக்குப் போவதுதான் ஆபத்து. ஒரு வாய் போதும். அதனால்தான் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்கிறார்கள். வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஒரு டிபன் டப்பாவின் பிசுக்குக்காக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டிய பண்டமா இது?

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோலின் ஆவி மைனஸ் 40 டிகிரிக்கும் கீழேயே தீப்பிடிக்கும் அளவுக்கு எழும்பும். அசிட்டோன் சுமார் மைனஸ் 20. சானிடைசரும் ஆல்கஹாலும் நம் ஊர் அறை வெப்பத்தில் எப்போதும் தயார். மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரி வாக்கில் என்பதால் அது பரம சாது என்று பெயர் வாங்கியிருக்கிறது. கத்திரி வெயிலில் 40 தாண்டும் ஊரில் அந்தச் சாதுத்தனத்தை நம்பி அடுப்பங்கரையில் உட்கார முடியாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பக்கத்து அறை பூஜை விளக்கு வரைக்கும் போகும். அடுப்பை அணைத்துவிட்டேனே என்பவர் விளக்கை மறந்திருப்பார். சானிடைசரைச் சிபாரிசு செய்த எனக்கும் இது பொருந்தும்: ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில், பஞ்சில் தொடும் அளவுக்கு மட்டும்.

இனி பரப்பு. ‘ஸ்ட்ராங்’ சித்தாந்தம் உண்மையில் நாசம் செய்யும் இடம் இது. பசைக்குச் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்பதற்கு நாம் கொடுப்பதில்லை.

ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் ஆசையாக ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்குகிறது. மெக்கானிக் கடையில் கேட்டால் வேஸ்ட் துணியில் பெட்ரோல் நனைத்து ஒரே இழுப்பில் துடைத்துத் தருவார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஹெல்மெட்டின் ஓடு பல மாடல்களில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது பாலிகார்பனேட். முகக் கண்ணாடி அனேகமாகப் பாலிகார்பனேட். பெட்ரோலிலும் தின்னரிலும் இருக்கும் டொலுவீன் போன்றவை இந்தப் பிளாஸ்டிக்குகளைத் தாக்கும். வார்ப்பின்போது உள்ளே தங்கிய இறுக்கம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்களாகத் திறக்கும். ஓட்டுக்கு உள்ளே இருப்பது தெர்மோகோல். தலை தரையில் மோதும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அதுதான். தெர்மோகோல் துண்டைப் பெட்ரோலில் போட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பையன்களுக்குத் தெரியும், சுருங்கிக் கூழாகிவிடும். விளிம்பு ரப்பரைத் தாண்டிச் சில சொட்டுகள் உள்ளே இறங்கினால் அங்கே நடப்பதும் அதுவே. வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது என்று ஹெல்மெட்டோடு வரும் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சீட்டைப் படித்தவர் யார்? ஹெல்மெட்டுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணி, அதை மேலே போட்டுக் கொஞ்ச நேரம், பிறகு விரலால் உருட்டல். மிச்சம் இருந்தால் இருக்கட்டும். பிசுக்கோடு இருக்கும் ஹெல்மெட் தலையைக் காக்கும்.

“மெக்கானிக்குக்குத் தெரியாதா?” என்பார்கள். அவருக்கு எஞ்சின் தெரியும். வண்டி டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பெட்ரோலால் அவர் துடைப்பதில் பெரிய குற்றமில்லை. அந்தப் பெயின்ட் சூட்டில் இறுக்கப்பட்டது, டேங்கின் வாயில் பெட்ரோல் சிந்தினால் தாங்க வேண்டும் என்றே பூசப்பட்டது. கடையும் திறந்தவெளி. அந்த ஒரு பொருத்தத்தை எடுத்து ஹெல்மெட்டுக்கும் பீரோவுக்கும் டிவிக்கும் நீட்டியது நாம். பீரோவின் பெயின்ட் தின்னருக்கு மங்கிப்போகும். டிவித் திரையில் ஆல்கஹாலோ அசிட்டோனோ பட்டால் மேற்பூச்சு திட்டுத்திட்டாக வெளுக்கும். கைபேசிக் கண்ணாடியில் விரல் எண்ணெய் படியாதிருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பல் பொடி, சோடா உப்பு என்று தேய்த்தால் முதலில் போவது அதுதான். மரத்தின் மேல் அரக்குப் பாலிஷ் என்றால் விஷயம் தலைகீழ்: அரக்கைக் கரைத்துப் பாலிஷ் செய்வதே ஸ்பிரிட்டில். அதே ஸ்பிரிட்டை ஒத்த சானிடைசரைப் பழைய தேக்கு நாற்காலியில் போட்டால் பிசுக்கோடு பாலிஷும் வந்துவிடும். அங்கே எண்ணெய் பாதுகாப்பானது.

எண்ணெய் எல்லா இடத்திலும் பாதுகாப்பு என்று அதற்குள் யாரும் முடிவு கட்ட வேண்டாம். மார்பிள் தரை, மெருகேற்றாத கல், டிஸ்டெம்பர் பூசிய சுவர் எல்லாம் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். பிசுக்கு இருந்த இடத்தில் கருந்திட்டு நிரந்தரமாக இருக்கும். சுவராக இருந்தால் அடுத்த பெயின்ட்டும் அங்கே பிடிக்காது. ஃபிரிட்ஜின் உட்சுவர் பல மாடல்களில் பாலிஸ்டைரின் வகை பிளாஸ்டிக். எண்ணெய்ப்பசை அதில் நெடுநாள் தங்கினால் விரிசல் விடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டாலோ உடனே உருகிக் குழியும். அசிட்டோன் இல்லாதது என்று எழுதி விற்பதும் இங்கே உதவாது, அதில் இருப்பது பெரும்பாலும் எத்தில் அசிட்டேட். என் கட்சி எண்ணெய்க் கட்சி அல்ல என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொரு முகாமும் இருக்கிறது. கெமிக்கலே வேண்டாம், இயற்கையாகப் போக்கலாம் என்று எலுமிச்சம்பழத்தையும் வினிகரையும் சோடா உப்பையும் தூக்கிக்கொண்டு வருபவர்கள். ஸ்ட்ராங் கட்சிக்கு எதிர்க்கட்சி போலத் தெரிந்தாலும் இவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள்: பசை என்ன, பரப்பு என்ன என்று கேட்காமல் மருந்தை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். வினிகரும் எலுமிச்சைச் சாறும் அமிலம். அழுத்தினால் ஒட்டும் ரப்பர், அக்ரிலிக் பசைகளுக்கு இந்த மெல்லிய அமிலத்தால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. வினிகரில் ஊறிய காகிதம் வருகிறது என்றால் அது வினிகரில் உள்ள தண்ணீரின் உபயம். மார்பிளுக்கோ அமிலம் எமன். கால்சியம் கார்பனேட்டைத் தின்று மெருகை அழித்துவிடும். வினிகரையும் சோடா உப்பையும் சேர்த்து நுரை பொங்க வைப்பது இன்னும் வேடிக்கை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயு பறந்துபோக, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். நுரை கண்ணுக்கு விருந்து, பிசுக்கு தன் இடத்தில். சோடா உப்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசுவது வேலை செய்கிறதே என்றால், செய்வது எண்ணெய். உப்பு அதை வழியாமல் பிடித்து வைக்கிறது, கூடவே பளபளப்பைக் கொஞ்சம் தேய்க்கிறது.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. எலுமிச்சையைப் பிழிந்து சாற்றைப் பிசுக்கில் தேய்த்துவிட்டுத் தோலைக் குப்பையில் போடுகிறார்கள். பசையை இளக்கும் சரக்கு தோலில்தான் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலை மடக்கினால் பீச்சி அடிக்கிறதே ஒரு வாசனை எண்ணெய், அதில் பெரும்பகுதி லிமோனின். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் அது 90 சதவீதத்துக்கும் மேல். பசை நீக்கி என்று விலை உயர்த்தி விற்கும் சில திரவங்களின் மூலப்பொருளே அதுதான். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்று நம் அலமாரியிலேயே சளிக்காகத் தூங்குகிறது: நீலகிரித் தைலம். கண்ணாடியில், எவர்சில்வரில் அது ரப்பர் பசையை அழகாக இளக்கும். ஆனால் தெர்மோகோலையும் பாலிஸ்டைரினையும் இவை இரண்டுமே கரைக்கும், குழந்தை வாயில் வைத்தால் தைலம் விஷம். இயற்கையில் கிடைப்பதால் எதுவும் சாது ஆகிவிடாது.

நேரத்துக்கு வருகிறேன். ஸ்ட்ராங் கட்சியின் கடைசி அரண் இது. “எண்ணெய் போட்டுப் பாத்தேன், போகலை.” போட்டு எவ்வளவு நேரம் விட்டீர்கள்? உடனே துடைத்திருப்பார்கள். தீபாவளி அன்று தலையில் எண்ணெய் வைத்த மறுகணமே யாரும் சீயக்காய் தேய்ப்பதில்லை. பசைக்குள் எண்ணெய் இறங்குவது மெல்ல ஊடுருவித்தான். அதற்கு ஒரு கணக்கு உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. சாதாரண ஸ்டிக்கரின் பசைப் படலம் சுமார் 20 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் சுவர்க் கொக்கிக்குப் பின்னால் இருக்கும் ஸ்பாஞ்சு டேப் ஒரு மில்லிமீட்டர் கனம் என்றால் அது 50 மடங்கு; நேரம் 2500 மடங்கு. அந்த டேப்பைச் சுற்றி எண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிக்கொண்டு காத்திருப்பவர் அடுத்த பொங்கல் வரை காத்திருக்கலாம். மீன்பிடி நரம்பையோ பல்லிடுக்கில் விடும் நூலையோ இரண்டு கையிலும் பிடித்து, டேப்புக்குப் பின்னால் ரம்பம் போல் இழுத்தால் ஸ்பாஞ்சு அறுபடும். மிச்சப் படலம் மெல்லியது. அதற்குப் பிறகு எண்ணெய்.

எவர்சில்வர் பாத்திரத்துக்கு என்னைக் கேட்டால் எண்ணெய்கூட இரண்டாவது. நம் பெண்கள் ஸ்டிக்கரை அடுப்பில் லேசாகக் காட்டி உரிப்பார்கள். அந்த யோசனையில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. சூட்டில் இந்தப் பசை தளர்ந்து பிடி விடும். திசைதான் தவறு. ஸ்டிக்கர் பக்கமே தீயைக் காட்டினால் காகிதம் கருகும், பசை வெந்து பழுப்பாகப் படியும், பாத்திரத்தில் நீலமும் செம்பழுப்புமாக நிறம் ஏறும். பாத்திரத்துக்குள் கொதிநீரை ஊற்றுங்கள். சூடு உலோகத்தின் வழியாகப் பசையை உள்ளிருந்து தளர்த்தும். ஒரு நிமிடம் விட்டு, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஸ்டிக்கரை மேல்நோக்கி இழுக்காமல் அதன் முதுகோடு மடித்து, பரப்பை ஒட்டியே மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் முழுசாக வரும். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் இரண்டு படலமாகப் பிளந்து கீழ்ப்படலம் பசையோடு தங்கிவிடும். அப்படித் தங்கிய காகிதத்தை முதலில் தண்ணீரால் ஊறவைத்து அகற்ற வேண்டும். மேலே காகிதமோ பிளாஸ்டிக்கோ மூடியிருக்கும்போது எண்ணெய் பூசுவது கூரை மேல் பூசுவதுதான், பசைக்குப் போய்ச் சேராது. மிஞ்சிய பிசுக்கின் மேல் அதே ஸ்டிக்கரின் பசைப் பக்கத்தையோ பிரவுன் டேப் துண்டையோ ஒற்றி ஒற்றி எடுத்தால் பாதி அதோடு வரும். பசைக்குப் பசை மேல் பிரியம் அதிகம். அப்புறம் தேங்காய் எண்ணெய், காத்திருப்பு, துணியால் வழித்தல், கடைசியில் சோப்பு. இந்தச் சோப்பை மறப்பவர்கள்தான் எண்ணெய் பிசுபிசுக்கிறது என்று புகார் சொல்வார்கள்.

ஸ்டிக்கரை எடுக்காமலே அடுப்பில் வைத்துக் கருக்கிவிட்ட அடிப்பாகத்துக்கு இவை எதுவும் பொருந்தாது. அது இப்போது பசை அல்ல, கரி. எவர்சில்வர் என்றால் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைக்கலாம். அலுமினியத்தில் சலவைச் சோடா கூடாது, பாத்திரமே கறுத்துப்போகும்.

பிளேடுக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் பூசி, புது பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளினால் அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு கரைப்பானும் வேண்டாம். அதே பிளேடை உலர்ந்த கண்ணாடியிலும், நான்ஸ்டிக் தோசைக்கல்லிலும், பிளாஸ்டிக்கிலும் நீட்டும்போதுதான் வம்பு. குளியலறைக் கண்ணாடியில் வரிசையாக ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பொட்டுக்குப் பிளேடு வேண்டியதே இல்லை. சொட்டு எண்ணெய் விட்டுக் குளித்துவிட்டு வந்தால் விரலோடு வரும். ஓரத்தில் மட்டும் எதையும் வழிய விடக் கூடாது. விளிம்பு வழியாகப் பின்பக்க வெள்ளிப் பூச்சுக்குள் இறங்கிக் கறுப்பாக்கும். அந்தப் பொட்டு நெற்றியில் விட்டுப்போகும் பிசுக்கையும் சிலர் ரிமூவரால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். தோலுக்கு எண்ணெயும் சோப்பும் போதும். பொட்டு வைத்த இடம் வெளுக்கத் தொடங்கினால் துடைப்பதைக் குறைக்காதீர்கள், பொட்டை நிறுத்துங்கள். சில மலிவுப் பொட்டுகளின் பசையில் இருக்கும் பிடிபிபி என்ற ரசாயனம் தோலின் நிறத்தையே போக்கும் என்பது தோல் மருத்துவர்கள் அறிந்த சங்கதி.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்க வேண்டியதை நாம் கேட்கவில்லை. பிசுக்கு வைக்காத பசை உலகத்தில் இல்லையா? 1935-ல் ஏவரி விற்ற லேபிள்களின் பெருமையே சுத்தமாக உரிந்து வரும் என்பதுதான். 1968-ல் ஸ்பென்சர் சில்வர் நுண் உருண்டைகளாலான பலவீனமான பசையைக் கண்டுபிடித்தார். அது 1980-ல் மஞ்சள் ஒட்டுச்சீட்டாக அமெரிக்காவெங்கும் கடைக்கு வந்தது. உரித்தால் தடயம் வைக்காத பசை பழைய சரக்கு. ஆனாலும் சாப்பிடும் தட்டின் நட்டநடுவில், கிழித்தால்தான் வருவேன் என்கிற ஸ்டிக்கரை ஒட்டுகிறார்கள். விலைச்சீட்டுக்கு ஒரு காரணம் சொல்லலாம்: மலிவுப் பாத்திரத்தின் சீட்டை உரித்து விலையுயர்ந்ததில் ஒட்டிவிடக் கூடாது. அதற்காகவே சில சீட்டுகளில் வளைவு வளைவாக வெட்டு வைத்து, உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும்படி செய்திருக்கிறார்கள். கம்பெனிப் பெயர் போட்ட ஸ்டிக்கரை யார் திருடி எதில் ஒட்டப் போகிறார்கள்? அதற்கு ஏன் ஆயுள் தண்டனைப் பசை?

புடவைக் கடையில் விலை அட்டை நூலில் தொங்குகிறது. பிடி உள்ள பாத்திரத்திலும் காது உள்ள குண்டானிலும் அப்படியே தொங்கவிடலாம். தட்டுக்கும் டம்ளருக்கும் சுற்றியிருக்கும் உறை மேல் ஒட்டலாம். பெயர் வெட்டித் தரக் கடையில் பத்து நிமிடம் நிற்கத்தான் போகிறோம். அந்த நேரத்தில் ஸ்டிக்கரையும் அங்கேயே உரித்துக் கொடுக்கச் சொல்லலாம்.